தொடக்க எழுத்துகளை வைத்துத் தேட எந்த இண்டெக்ஸ்? போஸ்ட்கிரெஸில் புதிதாக இறங்குபவர்களுக்கு

தேடல் பெட்டியில் ஒருவர் ‘திரு’ என்று தட்டியதும் திருச்சி, திருத்தணி, திருநெல்வேலி என்று பட்டியல் உடனே விழ வேண்டும். அதற்காகத்தான் அந்தப் புலத்தில் இண்டெக்ஸ் (முழு டேபிளையும் படிக்காமல் தேட உதவும் அடுக்கிய பட்டியல்) போட்டிருப்பீர்கள். டேபிள் சின்னதாக இருக்கும்வரை எல்லாம் சரியாகவே ஓடும். பதிவுகள் லட்சக்கணக்கில் ஏறியதும் ஒவ்வொரு எழுத்துக்கும் திரை நின்று நின்று நகரும். தேடலை டேட்டாபேஸ் எப்படி நடத்துகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், போட்ட இண்டெக்ஸை டேட்டாபேஸ் தொடவே இல்லை, முழு டேபிளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவரும். நானும் இதில் மாட்டி, ஆவணத்தில் ஒரு பக்கம், எங்கோ ஒரு பதில், யாரோ சொன்ன ஒரு வரி என்று துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் வெளியே வந்தேன். நீங்களும் அந்த அலைச்சல் படவேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே வைக்கிறேன்.

இது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பதிப்பு 13, அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கானது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன், ஓட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

எதையும் மாற்றுவதற்கு முன் நான்கு விஷயங்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

முதலாவது, அப்ளிகேஷன் உண்மையில் அனுப்பும் குவெரி. நீங்கள் கோடில் எழுதியதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சர்வருக்குப் போய்ச் சேருவதுதான் கணக்கு. ஓடிய குவெரிகளைக் கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மெண்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே இயங்கினால் அதிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மெண்ட் அமைப்பை 200 மில்லிசெகண்டுக்கு வைத்தால், அதைத் தாண்டும் குவெரி எல்லாம் லாகில் வந்து விழும்.

இரண்டாவது, டேட்டாபேஸின் கொலேஷன், அதாவது சொற்களை எந்த விதிப்படி அடுக்குவது என்ற அமைப்பு. போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் பேக்ஸ்லாஷ் எல் என்று தட்டினால் பட்டியலில் தெரியும். அங்கே ‘சி’ என்று இருக்கிறதா, இல்லை ‘இஎன்_யுஎஸ்.யுடிஎஃப்-8’ போல ஏதாவது மொழிப் பெயர் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

மூன்றாவது, நிஜ அளவில் ஒரு நகல். ஆயிரம் பதிவு உள்ள டெஸ்ட் டேபிளில் பிளானர் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதி) இண்டெக்ஸை விட்டுவிட்டு முழு டேபிளையும் படிக்கும். அந்த அளவுக்கு அதுதான் சரியான முடிவு, அதைப் பார்த்து ‘இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை’ என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்காவது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது. இதைப் பற்றி ஐந்தாம் படியில்.

2. குவெரியின் உருவத்தை முடிவு செய்யுங்கள், இண்டெக்ஸ் அப்புறம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் என்ன தரவு இருக்கிறது என்பதைவிட, எந்த வடிவத்தில் கேள்வி கேட்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் இண்டெக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குவெரியில் ஒரு சொல் மாறினால் இண்டெக்ஸ் பயனற்றுப் போகும்.

ஆங்கிலப் பெயர்களும் இருக்கும் டேபிளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காமல் தேட வேண்டியிருக்கும். அதற்கு எல்லாரும் முதலில் எடுப்பது ஐலைக், அதாவது அந்த வித்தியாசம் பார்க்காத லைக் ஒப்பீடு. எழுத்தில் தொடங்கும் தேடல்களுக்கு ஐலைக் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸைப் பயன்படுத்தாது, அதனால் அதை விட்டுவிடுங்கள். இப்படி எழுதுங்கள்:

வேர் லோயர்(பெயர்) லைக் 'திரு%'

தேடும் சொல்லையும் சிறிய எழுத்தாக்கித்தான் அனுப்ப வேண்டும். இண்டெக்ஸையும் இதே லோயர்(பெயர்) மீதுதான் போட வேண்டும். வெறும் பெயர் மீது போட்டால் இந்தக் குவெரிக்கு அது உதவாது.

பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ பயன்படுத்துகிறவர்கள் இங்கே கவனம். ஐஸ்டார்ட்ஸ்வித் என்று எழுதினால், போஸ்ட்கிரெஸுக்கு ஜாங்கோ அனுப்புவது லோயர் அல்ல, அப்பர். நீங்கள் லோயருக்கு இண்டெக்ஸ் போட்டு வைத்திருப்பீர்கள், குவெரி அப்பரில் வரும், இரண்டும் சந்திக்கவே செய்யாது. ஒன்று, இண்டெக்ஸை அப்பர் மீது போடுங்கள், இல்லையென்றால் குவெரியை நீங்களே எழுதுங்கள். அனுப்பும் குவெரியை லாகிலிருந்து எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது பயனர் தட்டும் குறிகள். லைக்கில் சதவீதக் குறிக்கும் அடிக்கோட்டுக்கும் தனி அர்த்தம் உண்டு: முதலாவது எத்தனை எழுத்துக்கும் பொருந்தும், இரண்டாவது ஏதோ ஓர் எழுத்துக்கு. யாராவது பெட்டியில் வெறும் சதவீதக் குறியைத் தட்டினால் தொடக்க எழுத்து என்று எதுவுமே மிஞ்சாது, முழு டேபிளும் படிக்கப்படும். ‘அ_பி’ என்று தட்டினால் அடிக்கோட்டுக்கு முன்னால் இருக்கும் ‘அ’ மட்டும்தான் இண்டெக்ஸுக்குப் பயன்படும். இந்த இரண்டு குறிகளுக்கும், பேக்ஸ்லாஷுக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் சேர்த்த பிறகே குவெரிக்குள் விடுங்கள். தேடலுக்கென்று தனி டேட்டாபேஸ் பயனர் வைத்து, அதற்கு ஸ்டேட்மெண்ட்_டைம்அவுட் ஒன்றிரண்டு செகண்டு என்று கொடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

3. கொலேஷனைப் பார்த்து ஆபரேட்டர் கிளாஸைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சாதாரணமாக கிரியேட் இண்டெக்ஸ் கொடுத்தால் கிடைக்கும் பி-ட்ரீ, டேட்டாபேஸின் கொலேஷன்படி சொற்களை அடுக்கி வைக்கிறது. மொழி சார்ந்த கொலேஷனில் ஒப்பீடு எழுத்துக்கு எழுத்து நடப்பதில்லை, இடைவெளி, நிறுத்தற்குறி, பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாவற்றுக்கும் தனித்தனி நிலை விதிகள் உண்டு. ஆகவே ‘திரு’வில் தொடங்கும் எல்லாச் சொற்களும் இண்டெக்ஸில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கும் என்று டேட்டாபேஸால் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதி இல்லாததால் லைக்குக்கு அந்த இண்டெக்ஸைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

கொலேஷன் ‘சி’ என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எண் மதிப்பை மட்டும் பார்த்து அடுக்குவதால் சாதாரண இண்டெக்ஸே போதும், நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

மற்றவர்கள் இண்டெக்ஸ் போடும்போது ஆபரேட்டர் கிளாஸை, அதாவது எந்த முறையில் ஒப்பிட்டு அடுக்குவது என்பதை, சொல்ல வேண்டும்:

கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி ஆன் ஊர்கள் (லோயர்(பெயர்) டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ்)

அந்தக் கடைசிச் சொல்தான் வேலையைச் செய்கிறது. மொழி விதிகளை ஒதுக்கிவிட்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் அடுக்கை அது தருகிறது. சமம் என்ற ஒப்பீட்டுக்கும் இதே இண்டெக்ஸ் உதவும். ஆனால் ‘இதைவிடப் பெரியது’, ‘இதைவிடச் சிறியது’ போன்ற ஒப்பீடுகளுக்கும், சாதாரண ஆர்டர் பைக்கும் இது உதவாது. அவையும் வேண்டுமென்றால் வழக்கமான இண்டெக்ஸ் இன்னொன்று தனியாக வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, அதை எல்லாரும் சொல்வதில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில், 2018இல், மொழி அடுக்கு விதிகள் பெரிய அளவில் மாறின. அதற்கு முந்தைய இயங்குதளத்திலிருந்து புதியதற்கு டேட்டாபேஸை அப்படியே நகர்த்தியவர்களின் சாதாரண டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் பழைய அடுக்கிலேயே நின்று தவறான விடை தரக்கூடும், ரீஇண்டெக்ஸ் செய்தாக வேண்டும். ‘சி’ கொலேஷனிலும் பேட்டர்ன் ஆப்ஸிலும் இருக்கும் இண்டெக்ஸ்களை இது தொடுவதில்லை.

தேடல் எப்போதும் ஒரு மாவட்டத்துக்குள், ஒரு நிறுவனத்துக்குள், ஒரு கிளைக்குள் மட்டும் நடக்கிறது என்றால், அந்த எண்ணையும் இண்டெக்ஸில் முதலில் வையுங்கள்: (மாவட்ட_எண், லோயர்(பெயர்) டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ்). சமமாக ஒப்பிடும் புலம் முன்னால், முன்னொட்டுத் தேடும் புலம் பின்னால். மாற்றிப் போட்டால் பலன் வெகுவாகக் குறையும்.

4. தமிழ்ப் பெயர்கள் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள்

‘திருநெல்வேலி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. டேட்டாபேஸுக்கு அது 12 யூனிகோட் குறியெண்கள், யுடிஎஃப்-8இல் 36 பைட்டுகள். தொடக்க எழுத்துத் தேடல் நடப்பது அந்தக் குறியெண்களின் மீது. ‘க’ என்று தேடினால் ‘காவேரி’யும் ‘கிணறு’ம் சேர்ந்தே வரும், ஏனென்றால் அவற்றின் முதல் குறியெண் ‘க’தான். பெரும்பாலும் பயனரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

சிக்கல் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வகை எழுத்துகளில். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் ஒன்றோடொன்று சேராது. பல மூலங்களிலிருந்து தரவு வந்திருந்தால் இந்தக் கலப்படம் இருக்க வாய்ப்பு அதிகம். நார்மலைஸ் என்ற செயற்கூறு இதைச் சரிசெய்யும். பெயர் டேபிளுக்குள் நுழையும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவம்) மாற்றிவிடுங்கள், தேடும் சொல்லையும் மாற்றுங்கள். பழைய பதிவுகளில் எத்தனை தவறாக இருக்கின்றன என்று பார்க்க ‘பெயர் இஸ் நாட் என்எஃப்சி நார்மலைஸ்ட்’ என்ற நிபந்தனை போதும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ‘ள’ என்ற எழுத்தைத் தட்டியிருந்தால் மட்டும் நார்மலைஸ் அதைத் திருத்தாது, அது வேறு எழுத்து, தேடிப் பிடித்துக் கையால்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் விசைப்பலகை. ஒலிப்பு முறையில் தட்டுகிறவர் ‘கா’வை அடைவதற்கு முன் பெட்டியில் ஒரு கணம் ‘க்’ வந்து நிற்கும். அந்த நேரத்தில் தேடல் பறந்தால் ‘க்’ என்று தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது, பட்டியல் காலியாகி மறுபடி நிரம்பும், கண்ணுக்கு எரிச்சலாக இருக்கும். தேடும் சொல்லின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ‘திருநெல்’ என்பது ‘திருநெல’ என்று போகும், திருநெல்வேலி அதிலும் கிடைக்கும். ஒரே ஒரு வரி மாற்றம்தான், ஆனால் தமிழில் தேடுகிறவருக்குப் பெட்டியே புதிதாகிவிட்டது போல இருக்கும்.

5. செலவும் நேரமும்

இடத்தை முன்கூட்டியே கணக்குப் போடலாம். பெயர் சராசரியாக 30 பைட் என்றால், தலைப்பு, சுட்டி, எட்டு பைட்டுக்கு முழுமையாக்குவது எல்லாம் சேர்ந்து இண்டெக்ஸில் ஒரு பதிவுக்கு 44 பைட். 20 லட்சம் பதிவுக்கு 88 எம்பி. பக்கங்களை 90 சதவீதம்தான் நிரப்பும் என்பதால் 100 எம்பியை ஒட்டி வரும். அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருமானால் பதிப்பு 13 முதல் பி-ட்ரீ நகல்களைச் சேர்த்து வைக்கும், அளவு இன்னும் குறையும். தமிழில் குறியெண்ணுக்கு 3 பைட் என்பதால் ஆங்கிலப் பெயர்களை வைத்துப் போட்ட கணக்கை அப்படியே நம்பாதீர்கள். கட்டும்போது அடுக்குவதற்குத் தற்காலிக இடமும் வேண்டும், ஆகவே கணக்கில் வரும் அளவைப்போல இரண்டு மடங்காவது டிஸ்க்கில் காலியாக இருக்கட்டும்.

நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பி-ட்ரீயில் ஒரு பதிவு 2,704 பைட்டைத் தாண்டக்கூடாது. ஊர்ப் பெயருக்கு இது வராது, ஆனால் ‘குறிப்பு’, ‘முகவரி’ போன்ற புலங்களில் யாராவது பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தால் இண்டெக்ஸ் கட்டுவது நடுவில் பிழையோடு நிற்கும். அங்கே முதல் 50 எழுத்தை மட்டும் வெட்டி எடுக்கும் லெஃப்ட் செயற்கூறின் மீது இண்டெக்ஸ் போடலாம், குவெரியிலும் அதே லெஃப்ட் இருக்க வேண்டும்.

கன்கரண்ட்லி என்ற சொல்லை மேலே சும்மா சேர்க்கவில்லை. அது இல்லாமல் கட்டினால், முடியும்வரை அந்த டேபிளில் யாராலும் எழுத முடியாது. சேர்த்தால் எழுதலாம், ஆனால் டேபிளை இரண்டு முறை படிப்பதால் நேரம் அதிகமாகும். ஏற்கெனவே திறந்திருக்கும் டிரான்சாக்ஷன்கள் (ஒரே தொகுப்பாக ஓடும் கட்டளைகள்) முடியும்வரை காத்தும் நிற்கும். யாரோ ஒருவர் டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால் உங்கள் இண்டெக்ஸ் அவர் திரும்பி வரும்வரை முடியாது. தொடங்கும் முன் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’ என்று யாரும் நிற்கிறார்களா என்று பாருங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை பிஜி_ஸ்டாட்_ப்ராக்ரஸ்_கிரியேட்_இண்டெக்ஸ் காட்டும்.

கன்கரண்ட்லியை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. மைக்ரேஷன் கருவிகள் பல, எல்லாவற்றையும் டிரான்சாக்ஷனில் சுற்றித்தான் ஓட்டும், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அதை நிறுத்த வேண்டும். ஜாங்கோவில் அடாமிக் என்பதை ஃபால்ஸ் ஆக்குவது அதற்குத்தான். நடுவில் தோற்றுவிட்டால் இண்டெக்ஸ் ‘இன்வேலிட்’ என்ற நிலையில் தங்கிவிடும். குவெரிக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் சுமையாக இருக்கும். அதை ட்ராப் செய்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

நேரம் எவ்வளவு ஆகும் என்பது டிஸ்க்கையும் நினைவகத்தையும் பொறுத்தது, அடுத்தவர் சொல்லும் எண் உங்களுக்குப் பொருந்தாது. நகலில் ஒருமுறை கட்டி, பிஎஸ்கியூஎல்லின் டைமிங்கைப் போட்டு அளந்துகொள்ளுங்கள். மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் இயல்பாக 64 எம்பிதான் இருக்கும், அந்த செஷனுக்கு மட்டும் கூட்டிக்கொண்டால் பெரிய டேபிளில் வேகம் கூடும்.

கட்டி முடித்ததும் அனலைஸ் ஊர்கள் என்று ஓட்டுங்கள். லோயர்(பெயர்) போன்ற வெளிப்பாட்டுக்குப் புள்ளிவிவரம் அப்போதுதான் சேரும். அது இல்லாமல் பிளானர் குத்துமதிப்பாக ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்கும்.

6. எக்ஸ்ப்ளெய்னில் எதைப் பார்ப்பது

எக்ஸ்ப்ளெய்ன் (அனலைஸ், பஃபர்ஸ்) என்று போட்டு குவெரியை ஓட்டுங்கள். ‘இண்டெக்ஸ் காண்ட்’ என்ற வரி வர வேண்டும், அதில் இப்படி இருக்கும்:

லோயர்(பெயர்) ~>=~ 'திரு' அண்ட் லோயர்(பெயர்) ~<~ 'திரூ'

‘திரூ’ எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். ‘திரு’வின் கடைசிக் குறியெண்ணை ஒன்று கூட்டினால் உகரக் குறி ஊகாரக் குறியாகிவிடுகிறது. அந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருப்பதை மட்டும் படித்தால் போதும் என்று டேட்டாபேஸ் கண்டுபிடித்துவிட்டது, நமக்கு வேண்டியதும் அதுதான். லைக் நிபந்தனை ‘ஃபில்டர்’ வரியில் மட்டும் இருந்து, மேலே ‘சீக் ஸ்கேன்’ என்று இருந்தால் இன்னும் முழு டேபிள்தான் ஓடுகிறது.

அப்போது எனேபிள்_சீக்ஸ்கேன் என்பதை அந்த செஷனில் மட்டும் ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது இண்டெக்ஸை எடுத்தால், பிளானருக்கு வழி தெரியும், விலை அதிகம் என்று நினைக்கிறது. தொடக்க எழுத்து குறைவாக இருப்பதாலோ அனலைஸ் ஓடாததாலோ அப்படி நினைக்கும். அப்போதும் எடுக்கவில்லை என்றால் குவெரியும் இண்டெக்ஸும் பொருந்தவில்லை, இரண்டாம் மூன்றாம் படிகளுக்குத் திரும்புங்கள். சோதித்ததும் அந்த அமைப்பை ஆன் செய்துவிடுங்கள்.

கையால் ஓட்டும்போது வேகம், அப்ளிகேஷனில் மட்டும் மெதுவாக இருக்கிறதா? ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மெண்டை (ஒருமுறை தயாரித்து, மதிப்பை மட்டும் மாற்றி மறுபடி மறுபடி ஓட்டும் குவெரி) சந்தேகியுங்கள். முதல் ஐந்து முறை ஓடும்போது மதிப்பைப் பார்த்துத் திட்டம் போடும், அதன்பின் பொதுத் திட்டத்துக்கு மாறக்கூடும். பொதுத் திட்டத்தில் தொடக்க எழுத்து என்னவென்றே தெரியாது, எல்லைகளைக் கணக்கிட முடியாது. பிளான்_கேஷ்_மோட் என்பதை ஃபோர்ஸ்_கஸ்டம்_பிளான் ஆக்கினால் தீரும்.

7. பட்டியலை அடுக்குவது

ஆர்டர் பை பெயர் லிமிட் 10 என்று சேர்த்ததும் வேகம் போய்விட்டதா? பேட்டர்ன் ஆப்ஸ் இண்டெக்ஸின் அடுக்கு வேறு, நீங்கள் கேட்கும் அடுக்கு வேறு. பொருந்தும் எல்லாவற்றையும் எடுத்து, அடுக்கி, பத்தைத் தரும். நூறு பெயர் பொருந்தினால் இது ஒன்றுமே இல்லை. ஓர் எழுத்துக்கு ஒரு லட்சம் பெயர் பொருந்தினால் தாங்காது. ஆர்டர் பை லோயர்(பெயர்) யூசிங் ~<~ என்று எழுதினால் இண்டெக்ஸின் அடுக்கிலேயே வரும், பத்தோடு நின்றுவிடும்.

ஆனால் அது குறியெண் அடுக்கு, நம் அகராதி அடுக்கு அல்ல. யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ நிற்கிறது, ‘ர’வை ஒட்டி ‘ற’, ‘ழ’வுக்குப் பிறகுதான் ‘வ’, புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால். கிடைத்த பத்தை வெளிக் குவெரியில் ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ கொலேஷனில் மறுபடி அடுக்கினால் திரையில் ஒழுங்காகத் தெரியும், எந்தப் பத்து என்பதை மட்டும் குறியெண் அடுக்குதான் முடிவு செய்திருக்கும். ஓர் எழுத்துத் தேடல்களுக்கு என் யோசனை: டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். சாத்தியமான முதலெழுத்துகள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றுக்கும் அதிகம் தேடப்படும் பத்துப் பெயர்களை முன்கூட்டியே சேமித்து வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

8. ட்ரைகிராம் எப்போது

‘பிஜி_டிஆர்ஜிஎம் எக்ஸ்டென்ஷனை வைத்து ஜின் வகை இண்டெக்ஸ் போடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று நிறையப் பேர் சொல்வார்கள். சொல்லின் நடுவில் இருப்பதையும் தேட வேண்டும், ஐலைக்கை விட முடியாது, எழுத்துப்பிழையோடு தட்டினாலும் பிடிக்க வேண்டும் என்றால் அதுதான் சரி. தொடக்க எழுத்து மட்டும்தான் என்றால் வேண்டாம் என்பேன். சொல்லை மூன்று மூன்று எழுத்தாக உடைத்து வைப்பதால் இண்டெக்ஸ் பருமனாகும், இன்சர்ட்டுகள் மெதுவாகும், இரண்டெழுத்துத் தேடலில் பொருத்தங்கள் குவிந்து ஒவ்வொன்றையும் டேபிளில் போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கும். தமிழுக்குப் போடுவதாக இருந்தால் முதலில் ஷோ_டிஆர்ஜிஎம் செயற்கூறுக்கு நாலைந்து தமிழ்ப் பெயர்களைக் கொடுத்து என்ன வருகிறது என்று கண்ணால் பாருங்கள். ‘சி’ லோக்கேலில் இருக்கும் டேட்டாபேஸில் தமிழ் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறுமையாகத் திருப்பக்கூடும்.

9. வேறு டேட்டாபேஸில் இருப்பவர்களுக்கு

மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி சாதாரண இண்டெக்ஸையே தொடக்க எழுத்து லைக்குக்குப் பயன்படுத்தும், ஆபரேட்டர் கிளாஸ் தொல்லை இல்லை. சாவியின் நீளம் 3,072 பைட்டைத் தாண்டக்கூடாது, யுடிஎஃப்8எம்பி4இல் அது 768 எழுத்து. எஸ்கியூலைட்டில் லைக் இயல்பாகவே ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, அதனால் நோகேஸ் கொலேஷனில் இண்டெக்ஸ் இருந்தால்தான் எடுக்கும். சாதாரண இண்டெக்ஸ்தான் இருக்கிறது என்றால் லைக்குக்குப் பதில் குளோப் எழுதுங்கள், சதவீதக் குறிக்குப் பதில் நட்சத்திரக் குறி.

10. பழையதை அகற்றுங்கள்

புதிய இண்டெக்ஸ் லைவில் ஒரு வாரமாவது ஓடட்டும். மாதக் கடைசி அறிக்கை போல எப்போதாவது ஓடும் குவெரிகள் இருந்தால் அதுவும் ஒருமுறை முடியட்டும். அதன்பின் பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் எண்ணைப் பாருங்கள். முன்பு முயற்சிக்காகப் போட்டு வைத்தவை பூஜ்யத்திலேயே நின்றுகொண்டிருக்கும். ரீட் ரெப்ளிகா (படிப்பதற்கு மட்டுமான நகல் சர்வர்) வைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள், அங்கே நடக்கும் தேடல் பிரதான சர்வரின் கணக்கில் வராது. யூனிக், ப்ரைமரி கீ இண்டெக்ஸ்கள் பூஜ்யம் காட்டினாலும் அவற்றைத் தொடாதீர்கள், அவை தேடலுக்காக இருப்பவை அல்ல. மீதியை ட்ராப் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி கொடுத்து எடுத்துவிடுங்கள்.